பங்க்ல பூமிக்கடியில இருக்கிற பெட்ரோல் டேங்க்கை பத்திரமா க்ளீன் பண்ணி மூடுறது எப்படி: முழு வழிகாட்டி

நிறைஞ்சிருக்கிற டேங்க்னா எல்லாரும் பயந்து தள்ளி நிப்பாங்க, காலி பண்ணியாச்சுன்னு சொன்னா போதும், பீடி பாக்கெட்டோட மேன்ஹோல் பக்கத்துல வந்து குனிஞ்சு பாப்பாங்க. உண்மை இதுக்கு நேர் எதிர். பெட்ரோல் ஆவி காத்துல சுமார் 1.4 சதவீதத்துல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் கலந்திருக்கும்போதுதான் வெடிக்கும், அதுக்கு கம்மியா இருந்தா ஆவி பத்தாது, அதுக்கு மேல இருந்தா காத்து பத்தாது. டேங்க்ல சரக்கு இருக்கிற வரைக்கும் உள்ள ஆவி ரொம்ப அடர்த்தியா அந்த மேல் எல்லைய தாண்டித்தான் இருக்கும், நாம எப்ப சரக்கை எடுத்துட்டு மூடியை திறந்து காத்தை உள்ள விடுறோமோ அப்பதான் அது வெடிக்கிற எல்லைக்குள்ள வருது.

ஒரு கணக்கு போட்டு பாருங்க. 20 கேஎல் டேங்க்னா 20,000 லிட்டர் இடம், அதுல 1.4 சதவீதம்னா 280 லிட்டர் ஆவி. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுசா ஆவியானா கிட்டத்தட்ட 200 லிட்டர் ஆவி வரும். அப்போ வெறும் ஒண்ணரை லிட்டர், பழைய துணியில ஊறி இருக்கிறதோ துருவுக்கு அடியில ஒட்டி இருக்கிறதோ, அவ்ளோதான், அந்த பெரிய டேங்க் முழுக்க வெடிக்கிற நிலைக்கு வந்துடும். "எல்லாம் உறிஞ்சியாச்சு சார்"னு யாராவது சொன்னா இந்த கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க.

அதனால இதுல நான் திரும்பத் திரும்ப சொல்லப்போறது ஒண்ணுதான், டேங்க்குக்குள்ள ஆளை இறக்காம எவ்ளோ வேலைய முடிக்க முடியுமோ அவ்ளோவையும் வெளிய இருந்தே முடிங்க, இறக்கித்தான் ஆகணும்னா மீட்டர் சரின்னு சொன்ன பிறகு, மேல ஆளும் கயிறும் ரெடியா இருக்கும்போது மட்டும் இறக்குங்க. நம்ம ஊர்ல செப்டிக் டேங்க்ல சாவு எப்படி நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், முதல்ல ஒருத்தர் மயங்குவாரு, அவரை தூக்க அடுத்தவர் குதிப்பாரு, அவரை தூக்க மூணாவது ஆள். பெட்ரோல் டேங்க்லயும் அதேதான், கூடவே தீயும் இருக்கு. அமெரிக்காவுல தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் 1986ல வெளியிட்ட எச்சரிக்கையிலயே இந்த மாதிரி அடைபட்ட இடங்கள்ல செத்தவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல காப்பாத்த போனவங்கதான்னு சொல்லிருக்கு.

முதல்ல பேப்பர்

பங்க் டேங்க் பெரும்பாலும் ஆயில் கம்பெனியோட சொத்து, டீலரோடது இல்ல. அதனால டீலர் தானா ஒரு காண்ட்ராக்டரை கூப்பிட்டு திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. கம்பெனி சேல்ஸ் ஆபீசர்கிட்ட எழுத்துல சொல்லணும், அவங்க இன்ஜினியரிங் பிரிவு வந்து பாக்கணும், அவங்க லிஸ்ட்ல இருக்கிற ஏஜென்சிதான் செய்யணும். சொந்த உபயோகத்துக்கு டேங்க் வச்சிருக்கிற பஸ் டிப்போ, மில், ஆஸ்பத்திரி மாதிரி இடங்கள்ல சில சமயம் டேங்க் அவங்களோடதாவே இருக்கும், அங்க பொறுப்பு முழுக்க அவங்க தலையில.

சட்டப்படி 1934 பெட்ரோலியம் சட்டம், 2002 பெட்ரோலியம் விதிகள் இந்த ரெண்டும்தான் அடிப்படை, அதை நடத்துறது பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பை பாக்குற மத்திய அரசு அமைப்பு), தலைமை ஆபீஸ் நாக்பூர், நமக்கு சென்னையில வட்டார ஆபீஸ். பங்க்குக்கு இருக்கிறது படிவம் 14 லைசென்ஸ். அந்த லைசென்ஸ்ல டேங்க் எங்க எத்தனை எவ்ளோ கொள்ளளவுன்னு வரைபடத்தோட இருக்கும், அதுல ஒரு டேங்க்கை எடுத்தாலும் மூடினாலும் வரைபடம் மாறுது, அதனால வேலைக்கு முன்னாடியே பெசோவுக்கு தெரிவிச்சு ஒப்புதல் வாங்கணும், முடிச்ச பிறகு லைசென்ஸை திருத்தணும், இல்ல பங்க்கையே மூடுறீங்கன்னா சரண்டர் பண்ணணும். டீசல் 2,500 லிட்டருக்கு மேல போகாம, எந்த ஒரு பாத்திரமும் 1,000 லிட்டருக்கு மேல இல்லாம வச்சிருந்தா லைசென்ஸ் தேவையில்லன்னு சட்டத்துல விலக்கு இருக்கு, ஆனா அது பேப்பருக்கு மட்டும் விலக்கு, ஆவிக்கு இல்ல.

வேலைக்கு முன்னாடி டேங்க்கை தெரிஞ்சுக்கோங்க

இதுக்கு நேரம் எடுத்துக்கிட்டா மீதி வேலை பாதி ஆயிடும். எந்த வருஷம் புதைச்சது, எம்எஸ்ஸா (பெட்ரோல்) எச்எஸ்டியா (டீசல்), நடுவுல மாத்தி உபயோகிச்சாங்களா, இப்படி எல்லாத்தையும் கேட்டு எழுதுங்க. டீசல் டேங்க்னா ஆபத்து கம்மின்னு சொல்றது ஓரளவு சரி, டீசலோட ஃப்ளாஷ் பாயிண்ட் (தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி வர ஆரம்பிக்கிற வெப்பநிலை) நம்ம தரத்துல குறைஞ்சது 35 டிகிரி, பெட்ரோலுக்கு மைனஸ் 40 பக்கம். ஆனா சித்திரை வெயில்ல 35ங்கிறது பெரிய நம்பரே இல்ல, அதோட அந்த டேங்க்ல முன்னாடி பெட்ரோல் இருந்திருந்தா பெட்ரோல் டேங்க்னே வச்சுக்கணும்.

2000ம் வருஷம் பிப்ரவரிக்கு முன்னாடி இந்த நாட்டுல ஈயம் கலந்த பெட்ரோல் வித்தாங்க. அதுக்கு முன்னாடி புதைச்ச டேங்க்னா கசடுலயும் துருவுலயும் ஈய கலவை இருக்கலாம், அது தோல் வழியாவே உடம்புக்குள்ள போகும், கேஸ் மீட்டர் அதை காட்டாது. அந்த மாதிரி டேங்க்ல மீட்டர் சைபர் காட்டினாலும் மூச்சு கருவியோட, முழு உடம்பை மூடுற கெமிக்கல் சூட்டோடதான் எந்த ஆளும் இறங்கணும். இந்த ஒரு விஷயத்தை நிறைய பேர் விட்டுடுறாங்க.

டிப் ராடு (ஆழம் பாக்குற அளவுகோல்) போட்டு சரக்கு எவ்ளோ, தண்ணி எவ்ளோன்னு பாருங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, தண்ணி கொஞ்சம் அதிகமா சேந்துட்டா எத்தனால் தண்ணியோட போய் அடியில தனியா ஒரு அடுக்கா நிக்கும். டிப் ராடுல தடவுற, தண்ணி பட்டா நிறம் மாறுற பழைய வாட்டர் பேஸ்ட் அந்த அடுக்கை சரியா காட்டாது, எத்தனாலுக்குன்னே இருக்கிற பேஸ்ட் வாங்கி தடவுங்க. அந்த அடுக்கும் தீப்பிடிக்கும், "தண்ணிதானே"ன்னு சாக்கடையில விடக்கூடாது.

அப்புறம் சுத்துப்புறம். டீக்கடை அடுப்பு எவ்ளோ தூரத்துல இருக்கு, சாக்கடை எந்த பக்கம் போகுது, பக்கத்து கட்டடத்துல பேஸ்மெண்ட் இருக்கா, கிணறு இருக்கா. பெட்ரோல் ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம், தரையோட தரையா ஊர்ந்து போய் பள்ளத்துல தங்கும், அங்க ஒரு ஃப்ரிட்ஜ் ஆன் ஆனா போதும். காத்தே அடிக்காத நாள்ல ஆவி வெளியேத்துற வேலைய ஆரம்பிக்காதீங்க, தூரத்துல இடி கேட்டாலும் நிறுத்திடுங்க.

சாமான்

கேஸ் மீட்டர் ரெண்டு (ஒண்ணு ரிப்பேர் ஆனா வேலை நிக்கணும், யாரோட தைரியத்துலயும் ஓடக்கூடாது), ஆக்சிஜன், எல்ஈஎல் (ஆவி வெடிக்கிற கீழ் எல்லையை 100னு வச்சு, அதுல எத்தனை சதவீதம் இருக்குங்கிற நம்பர்), ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு நாலும் காட்டுறதா இருக்கணும். காத்துல ஓடுற எடக்டர் (அழுத்தக் காத்தால ஆவியை உறிஞ்சி வெளிய தள்ளுற கருவி) இல்லன்னா ஃப்ளேம்ப்ரூஃப் புளோவர். வெடிக்காத வகை பம்ப்போ வேக்யூம் லாரியோ. எர்த்திங் கேபிள், கிளாம்ப், ஜம்பர். ட்ரைபாட், வின்ச், முழு உடம்பு ஹார்னஸ், மூச்சு கருவி செட் குறைஞ்சது ரெண்டு. டிசிபி (உலர் பொடி) தீயணைப்பான், ஃபோம், மணல் வாளி. பித்தளை இல்லன்னா அலுமினியம் ப்ரான்ஸ்ல செஞ்ச சுரண்டி, மரக் கைப்பிடி போட்ட ரப்பர் வைப்பர். காட்டன் ட்ரெஸ், நைலான் பாலியஸ்டர் கூடவே கூடாது. ஆணி அடிச்ச செருப்பு, செல்போன், சாவிக்கொத்து, கார் ரிமோட் எல்லாம் கேட்லயே ஒரு டப்பாவுல போட்டுட்டு வரணும், கம்பெனி ஆபீசரா இருந்தாலும் சரி.

உள்ள லைட் வேணும்னா ஃப்ளேம்ப்ரூஃப், 24 வோல்ட்டுக்கு மேல போகக்கூடாது, 1948 தொழிற்சாலை சட்டத்தோட 36ஏ பிரிவு சொன்னதும் இதுதான். பங்க் தொழிற்சாலை கணக்குல வருமா வராதாங்கிற வாதத்தை வக்கீல்கிட்ட விட்டுடுங்க, கரண்ட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

டேங்க்கை தனியா பிரிக்கிறது

பங்க்கோட மெயின் சுவிட்ச்ல அந்த டேங்க்குக்கு போற டிஸ்பென்சர், சப்மெர்சிபிள் பம்ப், ஆட்டோ கேஜ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி பூட்டு போட்டு சாவியை வேலைய பாக்குற சூப்பர்வைசர் பாக்கெட்டுல வச்சுக்கணும். சும்மா ஆஃப் பண்ணி ஒரு அட்டை மாட்டுனா பத்தாது, நைட் ஷிஃப்ட் பையன் லைட் எரியலன்னு போய் தட்டிடுவான்.

பைப்புல இருக்கிற சரக்கை டேங்க்குக்கே வழிய விட்டுட்டு, சக்‌ஷன் லைனையோ டெலிவரி லைனையோ கழட்டி பிளைண்ட் ஃப்ளேஞ்ச் (துளை இல்லாத அடைப்புத் தகடு) போடுங்க. வால்வை மூடினா பிரிச்சதா ஆகாது, எல்லா வால்வும் ஒரு நாள் கசியும். வென்ட் லைன் (டேங்க் ஆவி வெளிய போற குழாய்) ரெண்டு டேங்க்குக்கு சேத்து போட்டிருந்தா அதையும் பிரிக்கணும், ஆவி மீட்கிற சிஸ்டம் இருந்தா அந்த லைனும். இதை விட்டா நீங்க ஒரு டேங்க்கை சுத்தம் பண்ணிட்டு இருக்கும்போது பக்கத்து டேங்க்ல லாரி சரக்கு இறக்குவான், அந்த ஆவி முழுக்க உங்க டேங்க்குக்குள்ள வந்து விழும். வேலை நடக்கிற நேரத்துல பங்க்ல எந்த டேங்க்குக்கும் லாரி இறக்கக்கூடாதுங்கிறதை முன்னாடியே டீலர்கிட்ட பேசி முடிச்சுடுங்க.

மிச்ச சரக்கை எடுக்கிறது

பம்ப் உறிஞ்சி எடுத்த பிறகும் அதுக்கு எட்டாத சரக்கு அடியில டெட் ஸ்டாக்கா நிக்கும். ரெண்டு மீட்டர் விட்டம் உள்ள 20 கேஎல் டேங்க்ல அடியில நாலு இஞ்ச் நின்னாலே 350 லிட்டருக்கு மேல வரும். இதை பக்கெட்ல மொள்ளுற ஆளுங்களை நான் இன்னைக்கும் பாக்குறேன், தயவு செஞ்சு வேண்டாம், பிளாஸ்டிக் பக்கெட்ல பெட்ரோல் ஊத்துறதே ஸ்டேட்டிக் சார்ஜ் உண்டாக்குற வேலை.

வேக்யூம் லாரியை காத்து வர்ற பக்கத்துல நிறுத்துங்க, எர்த் பண்ணுங்க, லாரி பாடியையும் டேங்க்கையும் ஹோஸையும் ஒரே கேபிள்ல இணைச்சு பாண்ட் பண்ணுங்க. இணைக்கிறது முதல்ல, பம்ப் ஓட்டுறது அப்புறம், கழட்டும்போது தலைகீழ் வரிசை. லாரியோட வேக்யூம் பம்ப் எக்ஸாஸ்ட்ல வர்றது முழுக்க பெட்ரோல் ஆவிதான், அதை ஹோஸ் போட்டு காத்து போற பக்கம், தரையில இருந்து பன்னெண்டு அடிக்கு மேல விடணும். வேகமா உறிஞ்சணும்னு அவசரப்படாதீங்க, காத்தும் சரக்கும் கலந்து ஓடும்போதுதான் ஸ்டேட்டிக் அதிகம். புதைச்ச டேங்க் எப்பவும் லேசா ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், கடைசி தண்ணி அந்த ஓரத்துலதான் நிக்கும், ரெண்டு முனையிலயும் டிப் பாத்து எது பள்ளம்னு கண்டுபிடிச்சு அங்க ஹோஸை விடுங்க.

ஆவியை வெளியேத்துறது

ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஒண்ணு நல்ல காத்தை ஓட விட்டு ஆவியை வெளிய தள்ளுறது, ஆள் இறங்கணும்னா இதுதான் வழி. இன்னொண்ணு ஆக்சிஜனை குறைச்சு வெடிக்க முடியாத மாதிரி பண்ணுறது, டேங்க்கை முழுசா தோண்டி எடுக்கும்போது இது உதவும், ஆனா அந்த டேங்க்குக்குள்ள மூச்சு விடவே முடியாது.

முதல் வழிக்கு எடக்டரை மேன்ஹோல் மேல வச்சு உள்ளருந்து உறிஞ்சுங்க, ஃபில் பைப்போட உள்குழாயை கழட்டாதீங்க, அது அடி வரைக்கும் போறதால புதுக் காத்து அது வழியா அடியில போய் விழுந்து கனமான ஆவியை கிளப்பிட்டு மேல வரும். வெளிய விடுற குழாய் இரும்பா இருக்கணும், எர்த் பண்ணியிருக்கணும், பன்னெண்டு அடி உயரத்துல, பக்கத்து மாடி ஜன்னலுக்கு நேரா இல்லாம பாத்துக்கணும். சும்மா மூடியை திறந்து வச்சு "நைட்டு முழுக்க காத்தாட விட்டோம்"னு சொல்றது ஒண்ணுத்துக்கும் ஆகாது, கனமான ஆவி தானா மேல ஏறி வராது.

ஆக்சிஜன் சிலிண்டரை திறந்து டேங்க்குக்குள்ள விடுறதை மட்டும் எந்த காலத்துலயும் செய்யாதீங்க, வெல்டிங் கடை பழக்கத்துல சில பேர் "காத்து இல்ல, கொஞ்சம் ஆக்சிஜன் விடு"ம்பாங்க. 23.5 சதவீதத்துக்கு மேல ஆக்சிஜன் போனா துணி, தலைமுடி எல்லாம் ஒரு பொறியிலயே குப்புனு பிடிக்கும்.

ரெண்டாவது வழிக்கு ட்ரை ஐஸ் (கெட்டியா உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு) உபயோகிப்பாங்க. ஆயிரம் லிட்டர் கொள்ளளவுக்கு சுமார் 1.8 கிலோங்கிறது வழக்கமான கணக்கு, 20 கேஎல்னா 36 கிலோ. உடைச்சு டேங்க் நீளம் முழுக்க பரவுற மாதிரி போடணும், கெட்டியான கையுறை வேணும், மைனஸ் 78 டிகிரி அது. வென்ட் திறந்தே இருக்கணும், இல்லன்னா அழுத்தம் ஏறும். ஆக்சிஜன் 8 சதவீதத்துக்கு கீழ வந்துச்சான்னு மீட்டர்ல பாத்த பிறகுதான் டேங்க்கை அசைக்கணும். நைட்ரஜன் கிடைச்சா அதையும் மெதுவா விடலாம். ஆனா கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை டேங்க்குக்குள்ள பீச்சாதீங்க, அழுத்தத்துல வர்ற பனித்துகள் பெரிய ஸ்டேட்டிக் சார்ஜ் உண்டாக்கும். ஜெர்மனியில பிட்பர்க்ல 1954ல விமான எரிபொருள் டேங்க் ஒண்ணுல தீயணைப்பு சிஸ்டத்தை டெஸ்ட் பண்ண கார்பன் டை ஆக்சைடு விட்டாங்க, டேங்க் வெடிச்சு பல பேர் செத்தாங்க. தீயை அணைக்கிற வாயுவே தீ வச்ச கதை அது.

மீட்டர் சொல்றதை படிக்க தெரியணும்

இந்த வேலைல உசுரை காப்பாத்துறது இந்த சின்ன டப்பாதான், ஆனா அது பொய்யும் சொல்லும், எப்ப பொய் சொல்லும்னு தெரியணும்.

காலையில சுத்தமான காத்துல ஆன் பண்ணி ஆக்சிஜன் 20.9, மத்ததெல்லாம் சைபர் வருதான்னு பாருங்க, டெஸ்ட் கேஸ் விட்டு சென்சார் உயிரோட இருக்கான்னு பாருங்க. அப்புறம் ட்யூபை மேன்ஹோல் வழியா மெதுவா இறக்குங்க. மேல ஒரு அடியில எல்ஈஎல் 15, 20னு ஏறும், நடுவுக்கு போகும்போது 60, 80, அப்புறம் 100ஐ தாண்டி 'ஓவர்'னு காட்டி பீப் பீப்னு கத்தும். இன்னும் கீழ இறக்கினா சில மீட்டர் ஓவர்லயே பூட்டிக்கிட்டு நிக்கும், பழைய மாடல்ல நம்பர் கடகடன்னு இறங்கி சைபர் பக்கமே வந்துடும். அதை பாத்துட்டு "அடியில கிளியரா இருக்கு"ன்னு சொன்னா ஆள் காலி. அந்த சென்சார் உள்ள வர்ற ஆவியை எரிச்சுத்தான் அளக்குது, ஆவி ரொம்ப அடர்த்தியா இருந்து ஆக்சிஜன் பத்தலன்னா எரியாது, எரியலன்னா நம்பர் வராது. அதனால ஆக்சிஜனை முதல்ல படிங்க, அது 10 சதவீதத்துக்கு கீழ இருந்தா எல்ஈஎல் நம்பரை நம்பவே நம்பாதீங்க. ட்ரை ஐஸ் போட்ட டேங்க்லயும் இதே கதைதான், அங்க ஆக்சிஜன் நம்பர் மட்டும்தான் உங்களுக்கு உதவும்.

மேல, நடுவுல, அடியில, நீளவாக்குல ரெண்டு முனையிலயும் பாருங்க. ட்யூப் நீளமா இருந்தா கேஸ் மேல வந்து சேரவே நேரம் ஆகும், ஒவ்வொரு இடத்துலயும் குறைஞ்சது ரெண்டு நிமிஷம் நில்லுங்க. ட்யூப் நுனி திரவத்துல முங்கிட்டா சென்சார் போச்சு.

ஆள் இறங்க ஆக்சிஜன் 19.5க்கு மேல 23.5க்கு கீழ, எல்ஈஎல் 10க்கு கீழன்னு பொதுவா சொல்வாங்க. நான் கேக்குறது இதை விட கறார், ஆக்சிஜன் 20.9 பக்கத்துல இருக்கணும், எல்ஈஎல் சைபர், ஒண்ணு, ரெண்டுக்குள்ள இருக்கணும், ஏன்னா கசடை கிளறின உடனே அது ஏறத்தான் போகுது. ஏறி 10ஐ தொட்டா எல்லாரும் வெளிய. டீசல் டேங்க்ல தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவுல பாக்டீரியா வளந்து கருப்பா வழவழன்னு ஒரு சளி மாதிரி இருக்கும், அதை கிளறும்போது ஹைட்ரஜன் சல்பைடு வரலாம், 10 பிபிஎம் காட்டினாலே வெளிய வந்துடுங்க. அழுகின முட்டை நாத்தம் நின்னுடுச்சுன்னா கேஸ் போயிடுச்சுன்னு அர்த்தமில்ல, அளவு கூடக் கூட மூக்கு மரத்துப்போகும்.

டேங்க்ல ஆபத்தான ஆவி இல்லன்னு எழுதிக் கொடுக்கிற கேஸ் ஃப்ரீ சர்டிபிகேட் அந்த ஷிஃப்ட்டுக்கு மட்டும்தான். மறுநாள் காலையில, சாப்பாட்டு இடைவேளைக்கு அப்புறம், எப்ப நின்னு ஆரம்பிச்சாலும் மறுபடி டெஸ்ட். ராத்திரி முழுக்க துருவுக்கு அடியில இருந்து பெட்ரோல் கசிஞ்சு காலையில நம்பர் ஏறி நிக்கிறது சாதாரணமா நடக்குறது.

க்ளீனிங்

வெளிய இருந்தே செய்ய முடிஞ்சது நிறைய. மேன்ஹோல் வழியா நீள பைப்புல தண்ணி விட்டு ஓரத்துல இருக்கிற கசடை பள்ளமான பக்கம் தள்ளி, அங்க இருந்து வேக்யூம்ல எடுங்க, ரெண்டு மூணு தடவை திரும்ப செய்யுங்க. அழுத்தம் கம்மியா, எர்த் பண்ணின நாசில்ல. ஹை ப்ரஷர் ஜெட்டோ நீராவியோ ஆவி நிறைஞ்ச டேங்க்ல விடவே கூடாது, சிதறுற தண்ணித்துளியே சார்ஜ் ஆகும். தண்ணியை தாராளமா விடாதீங்க, நீங்க விடுற ஒவ்வொரு லிட்டரும் அபாயக் கழிவா மாறி காசு கொடுத்து அனுப்ப வேண்டியதா வரும். மூடி மண் ரொப்பப்போற டேங்க்குக்கு கண்ணாடி மாதிரி பளபளப்பு தேவையில்ல, திரவமும் கசடும் போனா போதும், பல நேரம் இந்த இடத்தோட ஆளை இறக்காமலே முடிச்சுடலாம்.

இறங்கித்தான் ஆகணும்னா பெர்மிட் எழுதி, மேல ஒரு ஆள் காவலுக்கு, அவருக்கு வேற எந்த வேலையும் கிடையாது, டீ வாங்க கூட போகக்கூடாது. உள்ள ஒரே ஆள், ஹார்னஸ் போட்டு, கயிறு ட்ரைபாட் வின்ச்ல மாட்டி. முதுகுல சிலிண்டரோட மேன்ஹோல்ல நுழைய முடியுதான்னு முன்னாடியே மேல வச்சு அளந்து பாருங்க, முடியலன்னா ஏர்லைன் மாஸ்க்கும் இடுப்புல தப்பிக்கிற சின்ன சிலிண்டரும். மீட்டர் அவர் நெஞ்சுல, காத்து ஓடிக்கிட்டே, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாத்தம். உள்ள ஆள் பதில் சொல்லலன்னா வின்ச்சை சுத்துங்க, 108க்கும் தீயணைப்புக்கும் சொல்லுங்க, யாரும் குதிக்கக்கூடாது. இதை வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வச்சு ஒருமுறை மணல் மூட்டையை கட்டி இழுத்து காட்டுங்க, பேச்சுல சொன்னா அந்த நேரத்துல மறந்துடும், கை பழகியிருந்தா மறக்காது.

சுத்தம் ஆனதும் டிப் பைப்புக்கு நேர் கீழ டேங்க் அடித்தகட்டை டார்ச் அடிச்சு பாருங்க. வருஷக்கணக்கா தினமும் டிப் ராடு ஒரே இடத்துல போய் இடிச்சு அங்க காசளவு பள்ளம் விழுந்திருக்கும், ஓட்டை இருந்தா பெரும்பாலும் அங்கதான்.

கசடு எங்க போகணும்

எண்ணெய் கலந்த கசடு, கழுவின தண்ணி, துடைச்ச துணி, எல்லாமே 2016 அபாயக் கழிவு விதிகளுக்குள்ள வருது. மூடி போட்ட ட்ரம்ல, லேபிள் ஒட்டி, 90 நாளுக்கு மேல வச்சிருக்காம, மாசு கட்டுப்பாட்டு வாரியம் அனுமதிச்ச ஆளுக்கு படிவம் 10 மேனிஃபெஸ்ட்டோட (கழிவு கூடவே போற சீட்டு) கொடுக்கணும். தமிழ்நாட்டுல கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இதுக்குன்னே இடம் இருக்கு. செங்கல் சூளைக்கு எரிக்க கொடுக்கிறது, பங்க் பின்னாடி குழி வெட்டி ஊத்துறது, இதெல்லாம் நாளைக்கு பக்கத்து வீட்டு போர்வெல்ல நாத்தமா வரும். பெட்ரோல்ல இருக்கிற பென்சீன் புத்துநோய் உண்டாக்குறது, அந்த தண்ணியை குடிக்கப்போறது ஏதோ ஒரு குடும்பம்.

மூடுறது

கொஞ்ச மாசத்துக்கு மட்டும் நிறுத்துறதுன்னா சரக்கை எடுத்து சுத்தம் பண்ணி, வென்ட்டை மட்டும் திறந்து வச்சு, மத்த எல்லா வாயையும் மூடி பூட்டணும். இங்க மழைக்காலத்தை மறந்துடாதீங்க. நிலத்தடி தண்ணி ஏறினா காலி டேங்க் குடம் மாதிரி மிதக்க பாக்கும், 20 கேஎல் டேங்க் முழுக்க தண்ணிக்கடியில போனா 20 டன் மேல்நோக்கி தள்ளும், டேங்க்கோட இரும்பு எடை ரெண்டு மூணு டன்தான். மேல இருக்கிற மண்ணும் கான்க்ரீட்டும் அடியில கட்டின பட்டையும் பிடிச்சா உண்டு. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் ஐப்பசிக்கு முன்னாடி காலி டேங்க்கை சும்மா விடாதீங்க.

நிரந்தரமா மூடுறதுல தோண்டி எடுக்கிறதுதான் நல்லது, ஓட்டை இருந்ததா, மண்ணு கெட்டிருக்கான்னு கண்ணால பாக்கலாம். பள்ளம் சரியாம இருக்க ஓரத்தை சாய்வா வெட்டணும், இல்ல பலகை முட்டு கொடுக்கணும். கிரேன்ல தூக்குறதுக்கு முன்னாடி எல்லா ஓட்டையையும் அடைச்சு, மேல் பக்கம் மட்டும் சின்னதா ஒரு துளை காத்து போக விடணும். தூக்கின உடனே ஸ்க்ராப் கடைக்கு முழுசா அனுப்பாதீங்க. அங்க ஒரு பையன் கேஸ் கட்டரை வைப்பான், அந்த டேங்க் அவனுக்கு வெறும் இரும்பு. சைட்லயே மறுபடி மீட்டர் பாத்து, பொறி வராத கோல்ட் கட்டிங்ல முனைகளை வெட்டி திறந்து விட்டு, மேல பெயிண்ட்ல 'பெட்ரோல் இருந்த டேங்க், தண்ணி உணவு வைக்கக்கூடாது'ன்னு பெருசா தமிழ்ல எழுதித்தான் வெளிய விடணும். ஈய பெட்ரோல் காலத்து டேங்க்னா அதையும் எழுதுங்க.

மேல கட்டடம் இருக்கு, ரோடு இருக்கு, தோண்ட முடியாதுன்னா உள்ளயே ரொப்பி மூடலாம். வெறும் மணலை கொட்டினா உருளையோட ரெண்டு முனையிலயும் மேல் பக்கமும் வெற்றிடம் நிக்கும், அதுல ஆவி சேரும், தண்ணி சேரும், பத்து வருஷத்துல இரும்பு துருபிடிச்சு மேல லாரி நிக்கும்போது உள்வாங்கும். தண்ணியா ஓடுற சிமெண்ட் மணல் கலவையை பம்ப் பண்ணி, வென்ட் பைப்பும் மத்த வாயும் திறந்து வச்சு, அது வழியா கலவை வெளிய வழியிற வரைக்கும் விடுங்க. எத்தனை லோடு இறங்குச்சுன்னு எழுதுங்க, 20 கேஎல் டேங்க் 20 கன மீட்டர் பக்கம் வாங்கியிருக்கணும், பதினஞ்சுலயே நிறைஞ்ச மாதிரி தெரிஞ்சா உள்ள எங்கயோ காத்து மாட்டியிருக்கு, இல்ல கசடை சரியா எடுக்கல. கலவை இறுகி கொஞ்சம் உக்காந்ததும் மறுநாள் மேல ரொப்பணும். அப்புறம்தான் வென்ட்டை வெட்டி எல்லா பைப்பையும் அடைக்கணும்.

எந்த வழியில மூடினாலும் அதுக்கு முன்னாடி மண்ணையும் தண்ணியையும் டெஸ்ட் பண்ணிடுங்க. டேங்க் அடியில ரெண்டு முனையிலயும், பைப் ஜாயிண்ட் இருந்த இடத்துலயும், ஃபில் பாயிண்ட் பக்கத்துலயும் சாம்பிள் எடுத்து கண்ணாடி பாட்டில்ல நிறைய ரொப்பி ஐஸ்ல வச்சு லேபுக்கு அனுப்புங்க. பெட்ரோல் வாசம் வர்ற மண்ணை தோண்டின குழிக்கே திரும்ப போட்டு மூடுறது வேலை இல்ல, மறைக்கிறது. வாசம் இருந்தா கம்பெனிக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்துல சொல்லுங்க, பக்கத்து கிணத்துக்காரங்களுக்கும் சொல்லுங்க, அவங்கதான் முதல்ல குடிக்கிறவங்க.

முடிஞ்சதும் ஃபைல்ல இருக்க வேண்டியது: பெர்மிட், ஒவ்வொரு மீட்டர் ரீடிங்கும் நேரத்தோட, கேஸ் ஃப்ரீ சர்டிபிகேட், மேனிஃபெஸ்ட் நகல், லேப் ரிப்போர்ட், கலவை லோடு கணக்கு, போட்டோ, பெசோவுக்கு போட்ட கடிதம். கூடவே ஒரு வரைபடம், காம்பவுண்ட் சுவர் மூலையில இருந்து எத்தனை மீட்டர்ல டேங்க் கிடக்குது, எவ்ளோ ஆழம், எதால ரொப்பினதுன்னு. டேங்க் உள்ளயே இருந்தா இந்த வரைபடத்தோட ஒரு காப்பி நிலத்தோட தாய்ப்பத்திரத்தோட சேந்து இருக்கணும், ஏன்னா அந்த இடத்தை வாங்கி வீடு கட்டப்போறவர் போர்வெல் லாரியை எங்க நிறுத்தணும்னு அதை பாத்துத்தான் முடிவு பண்ணுவார்.